இத்தனை கோடி நட்சத்திரங்கள் இருந்தும் ஏன் ஒருவரும் தென்படவில்லை?

2025 ஜூலை 1 அன்று, சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒரு பொருளைக் கண்டது. 3ஐ/அட்லஸ் என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே "இது வேற்றுக்கிரகவாசிகளின் விண்கலமா?" என்ற கேள்வி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பொருளைச் சுற்றி வாயுவும் தூசும் படர்ந்திருந்தன, கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டிருந்தது. இது வால்நட்சத்திரம்தான் என்று நாசாவும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் சொன்ன பிறகும் பேச்சு அடங்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில், 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோளில் உயிரின் தடயம் இருக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அறிவித்தது. அதே தரவை அலசிய வேறு குழுக்கள், அப்படிச் சொல்ல இந்த ஆதாரம் போதாது என்றன.

இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் வாசகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். "கண்டுபிடித்துவிட்டு மறைக்கிறார்கள்" என்பது ஒரு பக்கம். "அதெல்லாம் வெறும் கற்பனை" என்பது இன்னொரு பக்கம். இரண்டுமே நடுவில் இருக்கும் உண்மையான கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. அண்டம் இவ்வளவு பெரியதாகவும் இவ்வளவு பழையதாகவும் இருக்கும்போது, நம் கண்ணில் ஏன் யாரும் படவில்லை?

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தக் கட்டுரையில் 'அறிவுயிர்' என்பது, பல ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்தும் கண்டுபிடிக்கக்கூடிய தடயத்தை விடும் திறன் படைத்த உயிர். டால்ஃபினும் காக்கையும் புத்திசாலிகள்தான், ஆனால் அவை ரேடியோ செய்வதில்லை. எனவே இந்தக் கணக்கில் வராது.

கேள்வி எங்கிருந்து வந்தது

1950-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில், இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி மூன்று சக விஞ்ஞானிகளுடன் மதியச் சாப்பாட்டுக்குப் போனார். எட்வர்ட் டெல்லர், எமில் கோனோபின்ஸ்கி, ஹெர்பர்ட் யார்க் ஆகியோர் உடன் இருந்தார்கள். போகும் வழியில் பறக்கும் தட்டுகளைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் பேச்சு வேறு எங்கெங்கோ போய்விட்டது. சாப்பாட்டு மேஜையில் திடீரென ஃபெர்மி, "எல்லோரும் எங்கே?" என்றார். யாரைப் பற்றிக் கேட்கிறார் என்பது அங்கிருந்தவர்களுக்கு உடனே புரிந்து, சிரித்துவிட்டார்கள்.

கேள்வியில் இருக்கும் கனம் எண்களைப் பார்த்தால் தெரியும். நம் பால்வெளியில் 10,000 கோடியிலிருந்து 40,000 கோடி நட்சத்திரங்கள் இருக்கின்றன. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளியே ஏறத்தாழ 1,00,000 ஆண்டு பயணம் செய்ய வேண்டும். வயது சுமார் 1,300 கோடி ஆண்டு. பூமியின் வயது 454 கோடி ஆண்டுதான். ஆக, நமக்குப் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கக்கூடிய உலகங்கள் ஏராளம்.

1975-ல் மைக்கேல் ஹார்ட் என்ற விஞ்ஞானி இதை முறையான வாதமாக எழுதினார். நாமே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாகரிகம் ஒளியின் வேகத்தில் நூறில் ஒரு பங்கு வேகத்தில் கலம் அனுப்புகிறது என்று வையுங்கள். பத்து ஒளியாண்டு தள்ளியுள்ள நட்சத்திரத்தை அடைய 1,000 ஆண்டு ஆகும். அங்கே குடியேறி, வளர்ந்து, அடுத்த கலத்தைக் கட்ட இன்னும் 4,000 ஆண்டு தருவோம். ஒரு தாவலுக்கு 5,000 ஆண்டு. பால்வெளியின் முழு அகலத்தையும் கடக்க 10,000 தாவல், அதாவது 5 கோடி ஆண்டு. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டு ஆகிறது. அதைவிடக் குறைந்த காலத்தில், அவசரமே படாத ஒரு நாகரிகம் பால்வெளி முழுக்கப் பரவிவிடலாம்.

ஆனாலும் யாரும் வந்த தடயம் இல்லை. இதைத்தான் ஃபெர்மி புதிர் என்கிறார்கள்.

டிரேக் சமன்பாடு சொல்வதும் சொல்லாததும்

1961-ல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் ஒரு பெருக்கல் கணக்கை முன்வைத்தார். ஆண்டுக்கு எத்தனை நட்சத்திரங்கள் பிறக்கின்றன, அவற்றில் எத்தனைக்குக் கோள்கள் உண்டு, உயிர் வாழத் தகுந்த கோள் எத்தனை, அவற்றில் எத்தனையில் உயிர் தோன்றும், எத்தனையில் அறிவு வளரும், எத்தனை பேர் சமிக்ஞை அனுப்புவார்கள், எத்தனை காலம் அனுப்புவார்கள். ஏழையும் பெருக்கினால் இப்போது பால்வெளியில் பேசிக்கொண்டிருக்கும் நாகரிகங்களின் எண்ணிக்கை கிடைக்கும்.

முதல் மூன்று காரணிகள் இன்று நல்ல நிலையில் இருக்கின்றன. 1995-ல் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் முதல் கோளை மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் கண்டார்கள், 2019-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. கெப்ளர் தொலைநோக்கிக்குப் பிறகு, நட்சத்திரங்களுக்குக் கோள்கள் இருப்பது சர்வசாதாரணம் என்பது உறுதியாகிவிட்டது. சிக்கல் கடைசி நான்கில் இருக்கிறது. உயிர் தோன்றும் வாய்ப்பு இரண்டில் ஒன்றாகவும் இருக்கலாம், கோடி கோடியில் ஒன்றாகவும் இருக்கலாம். நம் கையில் இருப்பது ஒரே ஒரு உதாரணம்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தெரியாத காரணிக்கு நடுவாந்திரமாக ஓர் எண்ணைப் போட்டுப் பெருக்கிவிட்டு, "ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டுமே" என்று வியக்கிறார்கள். 2018-ல் ஆண்டர்ஸ் சாண்ட்பெர்க், எரிக் டிரெக்ஸ்லர், டோபி ஓர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, நம் அறியாமையின் முழு வீச்சையும் கணக்கில் ஏற்றினார்கள். பால்வெளியில் நாம் மட்டுமே இருப்பதற்கான வாய்ப்பு கணிசமானது என்று விடை வந்தது. அவ்வளவு நட்சத்திரம் இருக்கிறது என்பது மட்டும் ஆளும் இருக்க வேண்டும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

எவ்வளவு தேடியிருக்கிறோம்?

1960-ல் டிரேக், அமெரிக்காவின் கிரீன் பேங்கில் உள்ள 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பினார். டவ் செட்டி, எப்சிலான் எரிடானி. அதிர்வெண் 1,420 மெகாஹெர்ட்ஸ். ஹைட்ரஜன் அணு இயல்பாக வெளியிடும் அதிர்வெண் இது. ஹைட்ரஜன் எங்கும் இருப்பதால், யாராக இருந்தாலும் இந்த எண்ணை அறிந்திருப்பார்கள் என்பது அவரது யோசனை. அங்கிருந்து தொடங்கிய தேடல் இன்றுவரை நடக்கிறது.

ஆனால் தேட வேண்டிய இடம் மிகப் பெரிது. எந்தத் திசை, எந்த அதிர்வெண், எந்த நேரம், எவ்வளவு வலிமை, என்ன வடிவம் என்று ஒவ்வொன்றும் சரியாகப் பொருந்த வேண்டும். கடலில் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு பார்த்து, மீன் இல்லை என்று முடிவு கட்டுவதைப் போன்றது இது என்றார், பல ஆண்டு இந்தத் தேடலை நடத்திய ஜில் டார்ட்டர். 2018-ல் ஜேசன் ரைட் குழுவினர் மறுபடி கணக்குப் போட்டதில் தம்ளர் ஒரு பெரிய குளியல் தொட்டியாக வளர்ந்தது. கடல் கடலாகத்தான் இருக்கிறது.

சந்தேகத்துக்கு இடமான சமிக்ஞைகள் வந்ததே இல்லையா? வந்தன. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹையோவில் இருந்த 'பிக் இயர்' தொலைநோக்கி 72 வினாடி நீடித்த ஒரு வலுவான அலையைப் பதிவுசெய்தது. அச்சுத்தாளைப் பார்த்த ஜெர்ரி எஹ்மான் ஓரத்தில் 'வாவ்!' என்று எழுதினார். அதன் பிறகு எத்தனையோ முறை அதே திசையில் பார்த்தும் அது திரும்ப வரவில்லை.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக அங்கே அவ்வப்போது, ஒரு வினாடிக்கும் குறைவான விசித்திரமான ரேடியோ துடிப்புகள் பதிவாகிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் பகல் நேரத்தில், ஆட்கள் வேலை செய்யும் பொழுதில். 2015-ல் எமிலி பெட்ரோஃப் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். யாரோ ஒருவர் மைக்ரோவேவ் அடுப்பில் எதையோ சூடாக்குகிறார். நேரம் முடியும் வரை காத்திருக்காமல் கதவைத் திறக்கிறார். உள்ளே மைக்ரோவேவ் அலைகளை உண்டாக்கிக்கொண்டிருந்த மேக்னட்ரான் என்ற பாகம் அணையும் அந்த ஒரு கணத்தில் 1.4 கிகாஹெர்ட்ஸ் அளவில் ஒரு துடிப்பு வெளியே கசிகிறது. 64 மீட்டர் அகலக் கிண்ணம் அதைப் பிடித்துவிடுகிறது. விண்ணைக் கேட்பது எவ்வளவு நுட்பமான வேலை, நம் சொந்தச் சத்தம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அதே பார்க்ஸில் 2019-ல், மிக அருகிலுள்ள நட்சத்திரமான புராக்சிமா சென்டாரி திசையில் பதிவான ஒரு சமிக்ஞையும் மனிதக் கருவிகளின் இடையூறுதான் என்று 2021-ல் முடிவானது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூமியிலிருந்து கசியும் சாதாரண வானொலி, தொலைக்காட்சி அலைகள் மிக மிக மங்கலானவை. நம்மைப் போலவே ஒரு பூமி பக்கத்து நட்சத்திரத்தில் இருந்தாலும், அதன் அன்றாடப் பேச்சு நம் காதில் விழுவது கடினம்.

சரி, அப்படியானால் தேடல் போதாது என்று சொல்லிப் புதிரை மூடிவிடலாமா? முழுதாக முடியாது. கிசுகிசுப்பு கேட்காமல் போகலாம், ஊரே பற்றி எரிந்தால் தெரியாமல் போகாது. ஒரு நாகரிகம் தன் நட்சத்திரத்தைச் சுற்றிலும் கலங்களை நிரப்பி ஆற்றலை அள்ளிக்கொள்ளலாம் என்று 1960-ல் இயற்பியலாளர் ஃப்ரீமேன் டைசன் சொன்னார். இதற்கு டைசன் கோளம் என்று பெயர். அள்ளிய ஆற்றல் கடைசியில் வெப்பமாக வெளியேறித்தான் ஆக வேண்டும், அது அகச்சிவப்பில் தெரியும். 2015-ல் வைஸ் விண்தொலைநோக்கியின் தரவிலிருந்து பால்வெளியைப் போன்ற சுமார் 1,00,000 விண்மீன் மண்டலங்களை அலசிய ஆய்வில், அப்படி முழுதாக வளைத்துப் போடப்பட்ட மண்டலம் எதுவும் தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆக, சிறிய நாகரிகங்களைப் பற்றி நம்மால் எதுவும் சொல்ல முடியாது. பிரம்மாண்டமானவை அரிது என்பதை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

விளக்கங்களை எடைபோட ஒரு சோதனை

இந்தப் புதிருக்குச் சொல்லப்படும் விளக்கங்கள் ஏராளம். அவற்றைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தால் இந்த விளக்கம் நிற்குமா? பால்வெளி முழுக்கப் பரவ ஒரு நாகரிகம் போதும் என்பதால், விளக்கம் ஒவ்வொருவருக்கும், எல்லாக் காலத்துக்கும் பொருந்த வேண்டும்.

1. அவர்கள் நம்மைத் தொந்தரவு செய்யாமல் தள்ளி நின்று பார்க்கிறார்கள். 1973-ல் வானியலாளர் ஜான் பால் முன்வைத்த 'விலங்குக்காட்சிசாலைக் கருத்து' இது. எல்லா இனங்களும் எல்லாப் பிரிவினரும் கோடிக்கணக்கான ஆண்டு ஒரே விதியை மீறாமல் காக்க வேண்டும். சோதனையில் தேறாது.

2. அவர்களுக்கு வெளியே வர ஆர்வமில்லை. இதுவும் மனநிலை பற்றிய விளக்கம்தான். ஆர்வமுள்ள ஒரு கூட்டம் இருந்தாலே உடைந்துவிடும்.

3. எல்லோரும் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்கிறார்கள். அணு ஆயுத யுகத்தில் பிறந்த அச்சம் இது, அலட்சியப்படுத்தக் கூடாதது. ஆனால் பெரும்பாலோர் அழிந்தார்கள் என்பது போதாது, ஒருவர்கூடத் தப்பியிருக்கக் கூடாது. பல நட்சத்திரங்களில் பரவிவிட்ட இனத்தை ஒரே போர் அழிக்காது. எனவே அழிவு பரவலுக்கு முன்பே, தவறாமல் நடக்க வேண்டும்.

4. பயணம் மிகக் கடினம். இதற்கு வலு அதிகம், ஏனென்றால் இயற்பியல் எல்லோருக்கும் பொது. வாயேஜர் 1 வினாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 4.24 ஒளியாண்டு தள்ளியுள்ள புராக்சிமாவின் தூரத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 75,000 ஆண்டு ஆகும். உயிருள்ள உடலை அவ்வளவு காலம் காப்பது மலைக்க வைக்கும் வேலை. ஆனால் இயந்திரங்களை அனுப்பலாமே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

5. ஆரம்பத்திலேயே ஆள் மிகக் குறைவு. யாருடைய மனநிலையையும் ஊகிக்கத் தேவையில்லாத விளக்கம். இந்தச் சோதனையில் சிரமமில்லாமல் தேறுவது இது ஒன்றுதான் என்பது என் கணிப்பு.

ஒரே காலத்தில் இருக்க வேண்டுமே

ஐந்தாவதற்குப் போகும் முன் காலத்தைப் பற்றி ஒரு கணக்கு. பால்வெளியில் 1,000 கோடி ஆண்டுகளில் மொத்தம் 10 லட்சம் நாகரிகங்கள் தோன்றின, ஒவ்வொன்றும் 10,000 ஆண்டு வாழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். தாராளமான எண்கள்தான். பெருக்கி வகுத்தால், எந்தக் காலத்தை எடுத்தாலும் சராசரியாக ஒரே ஒரு நாகரிகம்தான் உயிரோடு இருக்கும். பத்து லட்சம் பேர் வந்துபோன வீட்டில், ஒருவர் இன்னொருவரைப் பார்க்காமலே போயிருப்பார். நாம் ரேடியோ அலைகளைக் கையாளத் தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை.

தூரமும் இதில் சேர்கிறது. 1974-ல் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 என்ற நட்சத்திரக் கொத்துக்கு 1,679 பிட்டுகள் கொண்ட ஒரு செய்தியை அனுப்பினோம். அது போய்ச் சேர ஏறத்தாழ 25,000 ஆண்டு, பதில் வந்தால் இன்னும் 25,000. அனுப்பிய தொலைநோக்கி 2020-ல் இடிந்து விழுந்துவிட்டது.

ஒருமுறை மட்டும் நடந்தவை

அறிவுயிர் எவ்வளவு அரிது என்பதற்கு நம் ஒரே ஆதாரம் பூமியின் வரலாறு. அதை எப்படி வாசிப்பது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

சில விஷயங்கள் பூமியில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. பறக்கும் திறன் நான்கு முறை தனித்தனியாக உருவானது: பூச்சிகள், டெரோசார்கள் என்ற பழங்கால ஊர்வன, பறவைகள், வௌவால்கள். கண் பல டஜன் முறை உருவாகியிருக்கிறது. இப்படிப்பட்டவை வேறு உலகத்திலும் நடக்கும் என்று நம்பலாம்.

வேறு சில ஒரே முறைதான் நடந்தன. குறைந்தது 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நுண்ணுயிர்கள் இருந்தன. அதன் பிறகு நூறு கோடி ஆண்டுக்கும் மேலாக எளிய செல்கள் மட்டுமே இருந்தன. கடல், வெயில், கனிமம், காலம் எல்லாம் இருந்தும் அவை அதற்கு மேல் போகவில்லை. பிறகு எப்போதோ ஒரு செல் இன்னொரு செல்லை உள்ளே வாங்கியது. உள்ளே போனது செரிக்கப்படவில்லை. அங்கேயே தங்கி, பெருகி, தன்னை ஏற்றுக்கொண்ட செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் உறுப்பாகிவிட்டது. அதைத்தான் மைட்டோகாண்ட்ரியா என்கிறோம். இன்றுள்ள மரம், காளான், மீன், மனிதன் எல்லாமே அந்த ஒரே கூட்டின் வம்சம். எண்ணிலடங்காத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டு ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தும், இப்படிச் சிக்கலான செல்லாக முடிந்து நமக்குத் தெரியும்படி சந்ததி விட்டது ஒருமுறைதான். இதைப் படித்த நாளிலிருந்து என்னால் இந்தப் புதிரைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

தொழில்நுட்பம் கட்டும் அறிவும் அப்படியே. டைனோசர்கள் 16 கோடி ஆண்டுக்கு மேல் பூமியை ஆண்டன, ஒரு ரேடியோ தொலைநோக்கியும் எழவில்லை. மனித இனம் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. பரிணாமம் அறிவை நோக்கிப் போகும் ஏணி என்ற நம்பிக்கைக்கு இந்த வரலாற்றில் இடமில்லை.

"பூமியில் உயிர் சீக்கிரமே தோன்றிவிட்டது, அதனால் உயிர் தோன்றுவது எளிது" என்று ஒரு வாதம் உண்டு. கவனமாக இருக்க வேண்டிய வாதம். அறிவு வளர 400 கோடி ஆண்டு பிடித்தது. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே போவதால், இன்னும் நூறு கோடி ஆண்டு அளவில் பூமி வாழத் தகாததாகிவிடும். அப்படிப் பார்த்தால், சீக்கிரம் உயிர் தோன்றிய உலகத்தில்தான் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்கும். பரிசு விழுந்தவர்களை மட்டும் விசாரித்தால் எல்லாச் சீட்டுக்கும் பரிசு விழுவது போலத்தான் தெரியும். இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் 1983-ல் இந்த எச்சரிக்கையை எழுதினார்.

பெரும் வடிகட்டி: நமக்கு என்ன?

உயிரற்ற பொருளிலிருந்து நட்சத்திரங்களுக்கிடையே பரவும் நாகரிகம் வரையுள்ள பாதையில், எங்கோ ஒரு படி கிட்டத்தட்டக் கடக்க முடியாததாக இருக்கிறது என்று 1990-களில் பொருளாதார அறிஞர் ராபின் ஹான்சன் வாதிட்டார். அந்தப் படிக்கு 'பெரும் வடிகட்டி' என்று பெயர். அது எங்கே இருக்கிறது என்பதுதான் நம் தலைவிதியைத் தொடும் கேள்வி.

1. வடிகட்டி நமக்குப் பின்னால் இருந்தால், அதாவது உயிரின் தோற்றமோ சிக்கலான செல்லோ அந்தப் படியாக இருந்தால், நாம் அதைக் கடந்துவிட்டோம்.
2. முன்னால் இருந்தால், நம்மைப் போன்றவர்கள் பலர் இந்த இடம் வரை வந்து, இதற்கு மேல் போகவில்லை என்று பொருள்.

இதனால்தான் ரேடியோ தொலைநோக்கிகளைவிட, செவ்வாயில் ஒரு பாறையையும் வியாழனின் ஒரு நிலவையும் நான் ஆவலோடு கவனிக்கிறேன். பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024-ல் செவ்வாயில் 'செயாவா ஃபால்ஸ்' என்ற பாறையில் கண்ட புள்ளிகள், பழைய நுண்ணுயிர்களின் தடயமாக இருக்கக்கூடும் என்று பேசப்படுகிறது. உயிரில்லாத வேதிவினைகளும் அவற்றை உருவாக்கியிருக்கலாம் என்பதால் முடிவு தொங்கலில் இருக்கிறது. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-ல் வியாழனை அடையும். பனி மூடிய யூரோப்பாவின் அடியில் உள்ள கடல் உயிருக்கு ஏற்றதா என்று அது ஆராயும்.

ஒரே சூரியக் குடும்பத்தில் உயிர் இரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருந்தால், அது அண்டம் முழுக்க மலிந்திருக்கும். அப்போது உயிரின் தோற்றம் வடிகட்டியாக இருக்க முடியாது. பாதையின் பிந்தைய படிகள்மீது, நம் எதிர்காலத்தின்மீதும் சேர்த்து, சந்தேகம் விழும்.

எனவே அப்படி ஒரு செய்தி வரும் நாளில் தலைப்பைத் தாண்டி ஒரு விவரத்தைத் தேட வேண்டும். விண்கற்கள் மோதும்போது செவ்வாயின் பாறைத் துண்டுகள் தெறித்துப் பூமிக்கு வந்திருக்கின்றன, நுண்ணுயிரும் அப்படி இடம் மாறியிருக்கலாம். பூமியின் உயிர்கள் தங்கள் புரதங்களைக் கட்ட இடக்கை வடிவ அமினோ அமிலங்களையே பயன்படுத்துகின்றன. வலக்கை வடிவம் அதன் கண்ணாடிப் பிம்பம். செவ்வாயில் கிடைப்பதும் இடக்கை வடிவமாக இருந்தால், அது நம் உறவாக இருக்க வாய்ப்புண்டு, புதிரும் இன்றிருக்கும் இடத்திலேயே நிற்கும். வலக்கை வடிவமாக இருந்தால், அங்கே உயிர் தனியாகத் தொடங்கியது.